சருகுமான் யாருக்குச் சொந்தம்?

வாசகி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். 2019 முதல் பினாங்குத் தீவில் தமிழ்ப்பள்ளிப் பயிற்றிகளை வெளியிடும் ஒரு தனியார் பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். என் மகளுக்காக ஒரு சருகுமான் குட்டியை நாயகனாக வைத்து 12 படக்கதைகள் எழுதி வரைந்தேன். முதல் இரண்டும் இந்த வேலையில் சேர்வதற்கு முன்பே வரைந்தவை. அடுத்த எட்டும் இரவில் வீட்டில் வரைந்தவை. கடைசி இரண்டை மட்டும், சிறப்பு வெளியீட்டுக்கு வேண்டும் என்று மேலாளர் சொன்னதால் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்தேன். வீட்டில் வரைந்தவற்றில் நான்கைப் பார்த்துவிட்டு, பிடித்துப்போய், என் பெயருடன் பாலர் பயிற்றியில் போட்டார்கள். கதைக்கு 80 வெள்ளி கொடுத்தார்கள். இப்போது 12 கதைகளையும் ‘ஆசிரியர் குழு’ என்ற பெயரில் தனி நூலாகக் கொண்டுவரப் போகிறார்களாம். அச்சு எடுத்துப் பார்ப்பதற்காக நானே கோப்புகளை அலுவலகக் கணினியில் வைத்திருந்தேன். நியமனக் கடிதத்தில் ‘பணியின்போது உருவாக்கும் படைப்புகள் நிறுவனத்துக்கே சொந்தம்’ என்று இருக்கிறது. அனைத்தும் நிறுவனத்துடையவை என்று ஓர் உறுதிக் கடிதத்தில் மாத இறுதிக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். 500 வெள்ளி தருவார்களாம். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று: ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்கு 300 வெள்ளி வாங்கிக்கொண்டு அட்டைப்படம் வரைந்து கொடுத்தேன். அது யாருக்குச் சொந்தம்?

பதில்:

அன்புத் தங்கைக்கு வணக்கம். மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசுவோம். முதலில் அந்த உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. அதற்காக யாரும் உங்கள்மேல் கோபப்பட முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தத் தாள்தான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. பன்னிரண்டு கதைகளும் தங்களுடையவை என்பதில் நிறுவனத்துக்கு உண்மையிலேயே ஐயம் இல்லாவிட்டால் உங்களிடம் கையெழுத்து எதற்கு? 500 வெள்ளி எதற்கு? நமது மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அதாவது சட்டம் 332, அதன் 27-ஆம் பிரிவில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதோ, பயன்படுத்திக்கொள்ள உரிமம் கொடுப்பதோ எழுத்தில் இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சாகக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அவர்களிடம் இல்லாத அந்த எழுத்தைத்தான் இப்போது உங்கள் கையால் வாங்கப் பார்க்கிறார்கள். போட்டுவிட்டால், இன்று உங்களுடையதாக இருப்பவையும் சேர்ந்து போய்விடும்.

இனி யாருக்கு எது என்று பார்ப்போம். உங்கள் பன்னிரண்டு கதைகளுக்கும் ஒரே பதில் கிடையாது.

படைப்பவரே முதல் உரிமையாளர் என்பது சட்டத்தின் தொடக்கப் புள்ளி. 26-ஆம் பிரிவு அப்படித்தான் ஆரம்பிக்கிறது. உடனே இரண்டு விலக்குகளையும் சொல்கிறது. ஒருவர் தம் வேலையின் பகுதியாகப் படைத்தது முதலாளிக்கு மாறிவிட்டதாகவே கருதப்படும். வெளியார் ஒருவர் கேட்டுக்கொண்டு செய்வித்த படைப்பு, கேட்டவருக்கு மாறிவிட்டதாகக் கருதப்படும். இரண்டுக்கும் ஒரே நிபந்தனைதான்: வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் அதன்படி.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ‘வேலையின் பகுதியாக’ என்ற சொல். அலுவலக நேரத்தில் செய்தால் முதலாளிக்கு, வீட்டில் செய்தால் எனக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அலுவலகக் கணினியைத் தொட்டாலே எல்லாம் போயிற்று என்று வேறு சிலர் பயப்படுகிறார்கள். நேரமும் இடமும் கணினியும் சாட்சியங்கள்தாம். அவையே தீர்ப்பு ஆகிவிடாது. நீதிமன்றம் கேட்கும் கேள்வி வேறு: இதைச் செய்வதற்காகவா இவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்?

உங்களைப் பக்க வடிவமைப்பாளராக எடுத்தார்கள். வினாக்களை வரிசைப்படுத்துவது, எழுத்துருவும் இடைவெளியும் பார்ப்பது, பக்க எண் போடுவது, அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புவது உங்கள் வேலை. கதை எழுதுவதும் பாத்திரம் உருவாக்குவதும் அந்த வேலைக்குள் வருமா? நியமனக் கடிதத்தில் உள்ள பொறுப்புகளை எடுத்துப் பாருங்கள். ‘ஓவியம் வரைதல்’ என்று ஒரு வரி இருந்தால் நிலைமை சற்றுக் கடினம். இல்லையென்றால் வீட்டில் வரைந்த எட்டும் உங்களுடையவை என்று உறுதியாக வாதாடலாம். வேலையில் சேர்வதற்கு முன் வரைந்த இரண்டைப் பற்றிக் கேள்வியே இல்லை. அப்போது அவர்கள் உங்கள் முதலாளியே இல்லை.

மேலாளர் சொல்லி அலுவலகத்தில் வரைந்த கடைசி இரண்டும் வேறு கதை. உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லாமல் விட்டால் நான் ஆலோசனை சொல்பவனாக இருக்க முடியாது. பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும், முதலாளி தரப்பு ஒரு வேலையைக் கொடுத்து, நீங்களும் மறுக்காமல் அதைச் சம்பள நேரத்தில் முடித்துக் கொடுத்தால், அது வேலையின் பகுதியாகவே எண்ணப்பட வாய்ப்பு அதிகம். அந்த இரண்டுக்காக மல்லுக்கட்டாதீர்கள். அதை விட்டுக்கொடுத்தால் மற்றப் பத்துக்கான உங்கள் சொல்லுக்கு எடை கூடும்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது நானாகச் செய்கிற ஏற்பாடு அல்ல. நம் நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் துணைக்கு எடுத்துப் பார்க்கும் இங்கிலாந்துத் தீர்ப்புகளில் 1952-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று உண்டு. நிர்வாக ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை செய்த ஒரு கணக்காளர், தம் அனுபவத்தைக் கொண்டு ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு பகுதி அவர் நிகழ்த்திய பொது உரைகள். இன்னொரு பகுதி, நிறுவனம் அவரை ஒரு வாடிக்கையாளரிடம் அனுப்பியபோது எழுதியது. முழு நூலும் எங்களுடையது என்றது நிறுவனம். மேல்முறையீட்டு நீதிமன்றம் நூலைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தது: உரைகள் அவருக்கு, வாடிக்கையாளரிடம் இருந்தபோது எழுதியது நிறுவனத்துக்கு. உரை நிகழ்த்துவதற்காக அவரை வேலைக்கு வைக்கவில்லை என்பதே காரணம்.

உங்கள் 80 வெள்ளிக்கு இன்னும் பழைய வழக்கு ஒன்று பொருந்துகிறது. 1914-இல் லண்டனில் முடிந்தது. பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியர் பிரிவில் சம்பளத்துக்கு இருந்த ஒருவர், பிரேசில் நாட்டு மாநில ஆளுநர் ஒருவரின் உரையைப் போர்த்துகீசிய மொழியிலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்தார். தம் சொந்த நேரத்தில் செய்தார். அதற்குத் தனியாகப் பணம் பெற்றார். அந்த மொழிபெயர்ப்பு அவருக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. சம்பளத்துக்கு மேல் தனியாகப் பணம் கொடுத்தார்கள் என்பதே, அது சம்பள வேலை அல்ல என்பதைக் காட்டும் அடையாளம். அதனால் உங்கள் 80 வெள்ளி உங்களுக்கு எதிரான சாட்சி அல்ல, உங்கள் பக்கத்துச் சாட்சி. பணம் வாங்கிவிட்டோமே, விற்றுவிட்டதாக ஆகிவிடுமோ என்று கலங்க வேண்டாம். நான்கு கதைகளும் அவர்கள் கேட்பதற்கு முன்பே வரைந்து முடித்தவை. எழுத்தில் எதையும் மாற்றிக் கொடுக்கவுமில்லை. அந்த 80 வெள்ளி வங்கிக் கணக்கில் விழுந்ததா, சம்பளப் பட்டியலில் தனி வரியாக வந்ததா, வெள்ளைக் கவரில் கையில் கொடுத்தார்களா என்று தேடி எடுங்கள். பட்டியலில் தனி வரியாக இருந்தால் அதைவிட நல்ல தாள் வேறு இல்லை.

அடுத்து நியமனக் கடிதத்தின் வாசகம். நீங்கள் தமிழில் ‘பணியின்போது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூலக் கடிதம் ஆங்கிலத்தில் இருக்குமானால் அதை மீண்டும் எடுத்து, அந்த இடத்தில் விரல் வைத்துப் படியுங்கள். ‘இன் த கோர்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மெண்ட்’ என்று இருக்கிறதா, ‘டியூரிங் எம்ப்ளாய்மெண்ட்’ என்று இருக்கிறதா? தமிழில் இரண்டையும் ‘பணியின்போது’ என்று சொல்லிவிடலாம். சட்டத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. முன்னது, வேலையின் பகுதியாகச் செய்தவை என்று பொருள்படும். சட்டம் ஏற்கெனவே சொல்வதைத்தான் அதுவும் சொல்கிறது. உங்கள் எட்டுக் கதைகளையும் தொடாது. பின்னது, வேலையில் இருக்கும் காலம் முழுவதும் நீங்கள் எதைப் படைத்தாலும் என்று விரியக்கூடியது. இனி வரப்போகும் படைப்புகளின் உரிமையையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே இரண்டாவது வாசகம் இருந்து, அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், எட்டுக் கதைகளுக்கான போராட்டம் கடினமாகும். பக்க வடிவமைப்பாளர் இரவில் மகளுக்கு வரைந்தது வரை அந்த வரி நீளுமா என்று அப்போதும் எதிர்வாதம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு வழக்கறிஞர் உங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எப்படி இருந்தாலும் வேலைக்கு முந்திய இரண்டும் அந்த வரிக்குள் வரமாட்டா.

அந்த இரண்டும் சின்ன விஷயம் அல்ல. சருகுமான் குட்டியின் முகம், காது, அது கழுத்தில் மாட்டியிருக்கும் ஏதோ ஒன்று, எல்லாம் முதன்முதலில் தாளில் வந்தது அந்தக் கதைகளில்தானே? சருகுமானை வைத்துக் கதை சொல்வது யாருக்கும் சொந்தமல்ல. மலாய்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த சாங் கஞ்சில் அது. வெறும் எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் உங்கள் கை போட்ட கோடுகளில் உருவான அந்தக் குறிப்பிட்ட குட்டி, ஓவியம் என்ற வகையில் உங்களுடையது. நிறுவனத்துக்குப் போகும் கடைசி இரண்டு கதைகளிலும் அந்தக் குட்டி வருகிறது என்பதால், பழைய ஓவியத்தின் உரிமை அவர்களுக்குப் போய்விடாது. ஏற்கெனவே உள்ள ஒன்றிலிருந்து பிறந்த படைப்புக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, மூலப் படைப்பின் உரிமையைக் குறைக்காது. நாளை அந்தக் குட்டியை வைத்துப் பொம்மையோ கார்ட்டூனோ செய்ய நினைத்தால், அவர்கள் உங்களிடம் வந்துதான் ஆக வேண்டும்.

இப்போது, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்திய விஷயம்: ‘ஆசிரியர் குழு’. உரிமை யாரிடம் இருந்தாலும் சரி, வரைந்தவரின் பெயரை எடுத்துவிட்டுப் படைப்பை வெளியிட யாருக்கும் அனுமதி இல்லை. படைப்பாளியின் தார்மீக உரிமை என்று இதைச் சொல்கிறோம். சட்டத்தின் 25-ஆம் பிரிவு. படைப்பாளியின் சம்மதம் இல்லாமல், அவர் பெயரைச் சொல்லாமலோ வேறொருவர் பெயரிலோ வெளியிடக் கூடாது. அவருடைய மதிப்பைக் கெடுக்கும் வகையில் பெருமளவு சிதைக்கவோ மாற்றவோ கூடாது. பதிப்புரிமை அந்த நேரத்தில் வேறொருவரிடம் இருந்தாலும் இந்த உரிமையைப் படைப்பாளி கேட்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆகவே நான் விட்டுக்கொடுக்கச் சொன்ன அந்தக் கடைசி இரண்டு கதைகளிலும்கூட உங்கள் பெயர் வர வேண்டும். நம் தமிழ் வெளியீட்டுத் துறையில் இது நெடுங்காலப் புண். படம் வரைந்தவர், பாட்டு எழுதியவர், மொழிபெயர்த்தவர் எல்லோரும் ‘குழு’வுக்குள் கரைந்துபோகிறார்கள். பணத்தைவிட இதற்காகத்தான் பலர் என் முன்னால் உட்கார்ந்து கண் கலங்கியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே பயிற்றியில் நான்கு கதைகள் உங்கள் பெயருடன் வந்திருக்கின்றன என்கிறீர்கள். அந்தப் பயிற்றிகளை விலை கொடுத்தாவது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். படைப்பில் படைப்பாளியாக யார் பெயர் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரே படைப்பாளி என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர்களே அச்சிட்ட சாட்சி அது.

கோயில் அட்டைப்படத்தில் பதில் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 300 வெள்ளி கொடுத்து வரையச் சொன்னார்கள். வேறு பேச்சு எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அப்படியானால் அந்தப் படத்தின் பதிப்புரிமை கோயில் நிர்வாகத்துக்கு மாறிவிட்டதாகவே கருதப்படும். இந்த இடத்தில் நம் நாட்டுச் சட்டம் பக்கத்து நாடுகளைப் போன்றது அல்ல. சிங்கப்பூரில் 2021-ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, கேட்டு வாங்கும் புகைப்படமோ உருவப்படமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எடுத்தவருக்கே, வரைந்தவருக்கே சொந்தம். அங்கே நடக்கும் உரைகளைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு, இங்கும் அப்படித்தான் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒருமுறை ஒரு திருமணப் புகைப்படக் கலைஞர் வந்தார். தோளில் கேமராப் பை, கையில் வழக்கறிஞர் கடிதம். தாம் எடுத்த மணப்பெண்ணின் படத்தைத் தம் கடையின் விளம்பரப் பதாகையில் பெரிதாகப் போட்டிருக்கிறார். பெண் வீட்டார் கடிதம் அனுப்பிவிட்டார்கள். “கேமரா என்னுடையது, லைட் என்னுடையது, விடியற்காலை நான்கு மணிக்குப் போய் நின்றவன் நான். படம் எப்படி அவர்களுடையது?” என்று மேசையைத் தட்டிக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முன்பணம் வாங்கும் ரசீதில், ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை எனக்கு உண்டு’ என்று ஒரே ஒரு வரி அடித்திருந்தால் அவர் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம். இப்போது அவர் ரசீதுகளில் அந்த வரி இருக்கிறது. நீங்களும் அடுத்த மலருக்குத் தூரிகை எடுப்பதற்கு முன் அந்த வரியை எழுதி வாங்குங்கள். பழைய அட்டைப்படத்தை உங்கள் படைப்புத் தொகுப்பில் வைக்க விரும்பினால் நிர்வாகத்திடம் எழுத்தில் ஒரு வரி அனுமதி கேளுங்கள், தருவார்கள்.

இனி செய்ய வேண்டியவை. அந்த ஓவியப் புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன அல்லவா? பென்சில் கோடுகள், அழித்த தடங்கள், ஓரத்தில் மகள் கிறுக்கியது எதையும் கிழிக்கவோ துடைக்கவோ வேண்டாம். பொங்கல் வாழ்த்து, பள்ளி விடுமுறைப் பட்டியல் என்று நாள் தெரியும் எதுவாவது அதே புத்தகத்தில் இருந்தால் அது தங்கம். வீட்டுக் கணினியில் உள்ள மூலக் கோப்புகளைத் திறந்து மீண்டும் சேமிக்காதீர்கள்; தேதி மாறிவிடும். அப்படியே நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். கதையை முதலில் தோழிக்கோ கணவருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அந்த உரையாடலையும் அழிக்காதீர்கள். ஆனால் அலுவலகக் கணினியிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். உங்கள் நியாயத்தை அவர்கள் ‘கோப்புத் திருட்டு’ என்று திருப்பிவிட அது ஒன்றே போதும்.

பதிவு செய்தால்தான் உரிமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படைப்பு தாளில் வந்த நொடியிலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. (பலர் இதைக் காப்புரிமை என்கிறார்கள், அது கண்டுபிடிப்புகளுக்கானது. அலுவலகத்தில் பேசும்போது பதிப்புரிமை என்றே சொல்லுங்கள்.) ஆனாலும் 2012-இலிருந்து, மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில், எல்லோரும் சொல்லும் பெயரில் மைஐபிஓவில், விருப்பத்தின் பேரில் அறிவிப்புக் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றலாம். சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அந்தப் பதிவின் சான்று நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சாட்சியாக, அதாவது மாறாக நிரூபிக்கப்படும் வரை ஏற்கப்படும் சாட்சியாக நிற்கும். உறுதியாக உங்களுடைய கதைகளை மட்டும் கொடுங்கள். மேலாளர் சொல்லி வரைந்த இரண்டையும் சேர்த்துப் பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் அதுவே குற்றம்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் எனக்குப் புரியும். கையெழுத்துப் போட மறுத்ததற்காக மட்டும் வேலையை விட்டு நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழில் உறவுத் துறையில் முறையீடு செய்யலாம். 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அது. அறுபத்தொன்றாம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். மிரட்டலுக்குப் பயந்து நீங்களாக ராஜினாமாக் கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அவர்கள் நூலை அச்சிட்டே விட்டால், தடை உத்தரவு கேட்கலாம், இழப்பீடு கேட்கலாம். உண்மையான இழப்பைக் கணக்குக் காட்ட முடியாதபோதும், ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரை, மொத்தம் 500,000 வெள்ளிக்கு மேற்போகாமல், நீதிமன்றம் சட்டப்படியான இழப்பீடு விதிக்கலாம். இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் முதலாளிக்கும் ஒரு வழக்கறிஞர் இருப்பார். அவருக்கு இந்த எண்கள் தெரியும். அதனால்தான் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள் என்று நம்புகிறேன். நியாயமான முடிவு எனக்குத் தெரிகிறது: உரிமை உங்களிடம், இந்த நூலை இத்தனை பிரதிகள் அச்சிட அவர்களுக்கு எழுத்தில் உரிமம், அட்டையில் உங்கள் பெயர், விற்பனையில் உங்களுக்கு ஒரு பங்கு. அவர்களும் உங்கள் கதையை விரும்பித்தானே போட்டார்கள்.

மாத இறுதிக்குள் கீழே உள்ளதை உங்கள் அலுவலக வழக்கப்படி மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி, மின்னஞ்சலில் அனுப்புங்கள். சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி போகட்டும்.

“மதிப்பிற்குரிய ஐயா, சருகுமான் படக்கதைகள் தொடர்பாகத் தாங்கள் தந்த உறுதிக் கடிதத்தைப் படித்தேன். சிறப்பு வெளியீட்டுக்காகத் தங்கள் அறிவுறுத்தலின்படி வரைந்த இரண்டு கதைகளும் நிறுவனத்துடையவை என்பதை ஏற்கிறேன். மற்றப் பத்துக் கதைகளும் என் பணிப் பொறுப்புக்கு அப்பாற்பட்டு நான் படைத்தவை. அவற்றின் பதிப்புரிமையை நான் எவருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. ஆகவே அந்தக் கடிதத்தில் கையெழுத்திட இயலவில்லை. பன்னிரண்டு கதைகளிலும் படைப்பாளியாக என் பெயர் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நூலாக வெளியிடுவது குறித்து எழுத்துபூர்வ உரிமம் பற்றிப் பேச எந்த நாளும் தயாராக இருக்கிறேன்.”